அசல் முத்திரை வைத்த பொய்ச் சம்பளம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிட வேகமாகக் கணினியைத் தட்டுகிறீர்கள். இணையப் படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் எந்த இலக்கத்தைப் போடுவது என்பதை யாரிடமும் கேட்காமலே கண்டுபிடித்தும் விடுகிறீர்கள். ஆகவே அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முதலில் வவுனியாவிலும் பிறகு கிளிநொச்சியிலுமாகக் கணக்காளர் அலுவலகங்களில் இருந்து, மற்றவர்களுடைய வருமான வரிப் படிவங்களை நிரப்பியே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சுவர் மணிக்கூடு பரிசாகத் தந்தார்கள். வேலையை விட்டுப் போகிறவளுக்கு இனி எதற்கு நேரம் தெரியவேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் கெட்டிக்காரியாக இருந்த நாட்களும் உண்டு. அவற்றை நீங்கள் கேட்காமலே எங்கள் முதலாளியான கணக்காளர் சொல்லுவார், தான் செய்ததாக. நான் முட்டாளாக இருந்த நாட்களை என்னைத் தவிர வேறு யாரும் சொல்லமாட்டார்கள். அதில் ஒன்றை எழுதுகிறேன்.

நவம்பர் கடைசி வாரம் எங்கள் தொழிலுக்குத் திருவிழாக் காலம். பதினொரு மாதமும் வரி என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களுக்கெல்லாம் அந்த வாரத்தில்தான் நாட்டுப்பற்று பொங்கி வரும். முப்பதாம் திகதிக்கு முன் படிவம் போய்ச் சேரவேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். காலை எட்டு மணிக்கே வாசலில் நிற்பார்கள். அப்படியொரு செவ்வாய்க்கிழமைதான் மாரிமுத்து வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். தகப்பன் காலத்தில் மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறிய குடும்பம். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுகிறவர். வீதி, வாய்க்கால் வேலைகள் செய்யும் ஒரு வெளியூர்க் கம்பனியில் இரண்டு வருடம் வேலை செய்திருந்தார். அந்தக் கம்பனி துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு காம்ப் போட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் தகரம், கதிரை, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வேலை செய்த ஆட்களுக்கு வருட முடிவில் கொடுக்கவேண்டிய சம்பளச் சான்றிதழை மட்டும் ஏற்ற மறந்ததா, இறக்க மறந்ததா தெரியாது. ஆட்களின் கையில் அது இல்லை.

அவர் நடந்து வந்தபோது ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். நான் அதை அப்போதே கவனித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கவனிக்கவில்லை. நான் கவனித்தது அவர் கையிலிருந்த கடிதத்தை. வரி அலுவலகத்திலிருந்து வந்தது. உங்கள் முதலாளி தந்த பட்டியலின்படி உங்களுக்கு இவ்வளவு சம்பளம், நீங்கள் இன்னும் வரிப் படிவம் தரவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"சம்பளத் துண்டுகள் எங்க?" என்றேன்.

"போனுக்குத்தான் அனுப்புறவை மிஸ். அந்தப் போன் உடைஞ்சு போச்சு. லீசிங் கடனுக்குக் குடுக்கவெண்டு இது ஒண்டு மட்டும் பிறின்ற் எடுத்து வச்சிருந்தனான்."

பர்சுக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த ஒற்றைத் துண்டு. நான் சந்தோசப்பட்டேன். பன்னிரண்டு துண்டைக் கூட்டுவதைவிட ஒன்றைப் பன்னிரண்டால் பெருக்குவது எவ்வளவு சுகம்.

"வருசம் முழுக்க நான் வேலை செய்யேல்லை மிஸ், இடையில..." என்று அவர் தொடங்கினார்.

"அதுகளைப் பிறகு கதைப்பம். வெளியில இன்னும் ஆக்கள் நிக்கினம்" என்றேன். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பது அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தின் எழுதாத சட்டம்.

பெருக்கி வந்த தொகையைவிடக் கடிதத்தில் இருந்த தொகை அதிகமாக இருந்தது. எனக்கு உடனே விடை கிடைத்துவிட்டது: ஓவர்டைம். அவ்வளவு சுலபமாக விடை கிடைத்தால் கொஞ்சம் பயப்படவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. சின்ன வயதுதானே, ஐம்பத்தெட்டு.

எங்கள் கணக்காளரிடம் போய்க் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கடிதத்தில இருக்கிற தொகையையே போட்டு முடியுங்கோ. அவை கேக்கிறதையே நாங்கள் குடுத்தா, அவை ஏன் திருப்பிக் கேக்கப் போகினம்? ஆனா ஃபைலில ஒரு சான்றிதழ் கிடக்கவேணும். எங்கயாவது ஒண்டு எடுங்கோ."

கம்பனியின் தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. பதிவுத் தபாலில் கடிதம் போட்டால் அது வைகாசியில் திரும்பி வரும். அப்போது மாரிமுத்துதான் சொன்னார், காம்பில் சம்பளம் போட்ட கிளாக்கர் இப்போது புதுக்குடியிருப்பில் பைப் கடை வைத்திருக்கிறார் என்று. எனக்கு அது வானத்திலிருந்து விழுந்த உதவியாகத் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளருக்காக நானே பஸ் ஏறிப் போனேன் என்றால் அந்த வாரத்தில் அது பெரிய தியாகம். இரண்டு நாள் கழித்துக் கிளிநொச்சியில் ஏறினேன், தர்மபுரத்தில் அவர் ஏறிக்கொண்டார்.

கடை நன்றாக இருந்தது. கிளாக்கரும் நன்றாக இருந்தார். எங்களை இருத்திச் சோடா உடைத்துத் தந்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"உதுக்கோ மிஸ் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? ஒரு கோல் எடுத்திருந்தாக் காணுமே."

மேசை லாச்சியை இழுத்தார். பிளாஸ்டிக் முழங்கைகளுக்கும் பசை ரியூப்களுக்கும் நடுவில் கம்பனியின் இறப்பர் முத்திரை கிடந்தது. கம்பனி போய்விட்டது, முத்திரை தங்கிவிட்டது. அவருடைய கணினியில் கம்பனியின் கடிதத் தலைப்பும் இருந்தது, தலைமை அலுவலகம் வரி அலுவலகத்துக்கு அனுப்பிய பட்டியலும் இருந்தது. பத்து நிமிடத்தில் மாதம் மாதமாகச் சம்பளம் எழுதிய ஒரு சான்றிதழை அச்செடுத்து, போன சித்திரை மாதத் திகதியைப் போட்டு, முத்திரையைக் குத்தினார். கையெழுத்தும் அவர்தான். எத்தனை பிரதி வேண்டும் என்று வேறு கேட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். கடிதத்திலிருந்த தொகையும் இதிலிருந்த தொகையும் ஒரு சதம் பிசகாமல் பொருந்தின. கழித்த வரியைக் கட்டியதாகவும் இருந்தது. மாரிமுத்து இனி எதுவுமே கட்டத் தேவையில்லை. வரி அலுவலகத்துக்குத் திருப்தி, எங்கள் கணக்காளருக்குத் திருப்தி, எனக்கு மூன்று மணி பஸ். இவ்வளவு அழகான ஒரு தாளை என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. உண்மையான ஆவணங்கள் ஒருநாளும் அவ்வளவு அழகாகப் பொருந்துவதில்லை என்பதை நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

"ஒருக்காப் பாக்கலாமோ மிஸ்?" என்று மாரிமுத்து கேட்டார். வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு மாதமாகக் கீழே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"நவம்பரில எனக்கு ஓவர்டைம் போட்டிருக்கு."

"ஓம்."

"டிசம்பரிலயும்."

"ஓம், அதுக்கென்ன?"

"அந்த ரெண்டு மாசமும் நான் கால் முறிஞ்சு படுத்துக் கிடந்தனான்."

கிளாக்கர் மெல்ல எழுந்து போய்க் கடை வாசலில் நின்ற ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த ஆளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, நிழலுக்கு நின்றிருந்தார். கிளாக்கர் திரும்பி வந்தார்.

"அண்ணை, ஹெட் ஒபிஸில இருந்து வந்த லிஸ்ட் அப்பிடி. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லைத்தானே? வரியும் அவையே கட்டியிருக்கினம்."

"நான் எடுக்காத சம்பளத்தை எடுத்தனெண்டு என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?"

இந்த இடத்தில் உங்கள் அனுபவசாலி அக்கா என்ன சொன்னாள் என்று கேளுங்கள். "மாரிமுத்து, இது சும்மா ஒரு பேப்பர்தான். ஃபைலில போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சோடாதான் வைத்திருந்தார்கள்.

மாரிமுத்து என்னைப் பார்த்தார். "அப்ப லேபர் ஒபிஸில என்ன சொல்லுறது மிஸ்?"

"எந்த லேபர் ஒபிஸ்?"

அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். போன வருடம் மழைக்குள் வாய்க்கால் அணைக்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது கட்டு இடிந்து, பெக்கோ சரிந்து, வலது கால் நசுங்கியது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை, பிறகு யாழ்ப்பாணத்தில் தகடு வைத்து, தை மாதம் வரை வீட்டில். கம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை. வேலையில் நடந்த காயத்துக்கு நட்டஈடு கேட்டுத் தொழில் அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தார். கம்பனி அதற்குப் பதில் எழுதியிருந்தது: அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லை, இவர் சொந்த மோட்டார் சைக்கிளில் விழுந்து ஏதோ கீறல் பட்டவர், அந்த மாதங்களிலும் ஒழுங்காக வேலைக்கு வந்தவர் என்று. விசாரணைக்குத் திகதி வைத்திருந்தார்கள்.

என் கையிலிருந்த அந்த அழகான தாள் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நவம்பரிலும் டிசம்பரிலும் ஓவர்டைம் செய்தேன் என்று மாரிமுத்து தானே கையெழுத்து வைத்து அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்குமூலம். கம்பனியின் சட்டத்தரணி கூலி கொடுத்தாலும் இதைவிட நல்ல சாட்சியைத் தயாரிக்க முடியாது. அதை நான் என் சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய் வாங்கிக் கொடுக்கவிருந்தேன்.

தாளைக் கிளாக்கரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார், மிகவும் சுறுசுறுப்பாக. அதை நான் சாட்சியாக வைத்திருந்திருக்க வேண்டும் என்று பிறகு ஒருவர் சொன்னார். சரியாக இருக்கலாம். அந்த நேரம் அது என் கையில் இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். தர்மபுரத்தில் இறங்கும்போது, "நாளைக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு வாறன் மிஸ்" என்றார்.

மனைவியின் பெயர் சரோஜா. மறுநாள் ஒரு துணிக்கடைப் பையுடன் வந்தா. "அவற்ற சம்பளத் துண்டு ஒண்டும் என்னட்ட இல்லை மிஸ். ஆசுப்பத்திரித் துண்டு ஒண்டு விடாமக் கிடக்கு" என்று மேசையில் கொட்டினா. அனுமதித்த அட்டை, வெளியேற்றிய அட்டை, எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்சில் மாற்றிய கடிதம். திகதி இல்லாத துண்டு ஒன்றுகூட இல்லை. ஒரு வருடச் சம்பளக் கணக்கை நான் அதற்கு முன் ஆஸ்பத்திரி அட்டைகளை வைத்துச் செய்ததில்லை.

வங்கிக்கு அனுப்பிக் கணக்குக் கூற்றை எடுத்தோம். அந்த இரண்டு மாதமும் வெறுமையாக இருந்தது. மற்ற மாதங்களில் அடிப்படைச் சம்பளம் வங்கிக்கு வந்திருந்தது, ஓவர்டைம் கையில் காசாக. "எந்த மாசம் எவ்வளவு ஓவர்டைம் எடுத்தனீங்கள்? நேரம் எடுத்து யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றேன். புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்துச் சண்டை பிடித்துச் சொன்னார்கள். எந்த மாதம் கிணற்றுக்கு மோட்டார் வாங்கியது, எந்த மாதம் மகளின் ரியூசன் காசு பிந்தியது என்று பார்த்துப் பார்த்துக் கணக்கு வந்தது. வெளியில் ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டேன்.

ஞாபகத்திலிருந்து எடுத்த தொகைகளுக்குப் பக்கத்தில் மதிப்பீடு என்று எழுதினேன். சான்றிதழ் ஏன் இல்லை, எங்கே தேடினோம், பட்டியலில் உள்ள இரண்டு மாதச் சம்பளம் ஏன் இவருடையதில்லை என்று ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி, ஆஸ்பத்திரி அட்டைகளின் பிரதிகளையும் வங்கிக் கூற்றையும் சேர்த்தேன். பைப் கடையையும் எழுதினேன். நான் வாங்கிப் பார்த்ததையும் எழுதினேன்.

எங்கள் கணக்காளர் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது அவர் கோபப்படும் முறை.

"உங்களுக்கு விசரே? கம்பனி கூடக் காட்டியிருக்கு, நாங்கள் குறைச்சுக் காட்டினா அவை கூப்பிட்டு விசாரிப்பினம். இது என்ர கந்தோரிட பேரில போகாது."

"அப்ப என்ர பேரில போகட்டும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"இல்லை சேர். யோசிச்சனெண்டாப் பயம் வந்திடும்."

படிவம் தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். முப்பதாம் திகதி பகல், நாடு முழுவதற்கும் நாட்டுப்பற்று வந்திருந்த நேரம், இணையப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறைதான் போய்ச் சேர்ந்தது.

கணக்காளர் சொன்னபடியே வரி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர் அந்த விசயத்தில் தீர்க்கதரிசி. விசாரித்த அலுவலர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் பெண், என் மகளின் வயது. கம்பனியின் பட்டியலையும் எங்கள் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தா.

"லிஸ்டில இருக்கிறதை விட நீங்கள் குறைச்சுக் காட்டியிருக்கிறியள். ஏன் அண்ணை?"

நான் தயாராக வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்குவதற்குள் மாரிமுத்து குனிந்து காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தையல் ஓடியிருந்தது. அலுவலர் ஒரு கணம் பார்த்தா.

"இறக்கி விடுங்கோ அண்ணை. எக்ஸ்ரே காணும்."

பிறகு என் கடிதத்தை முழுவதும் வாசித்தா. வாசித்து முடித்து, "பைப் கடை விசயத்தை நீங்களே எழுதியிருக்கிறியள். நீங்கள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரியவந்திராது" என்றா. என்னைப் பாராட்டுகிறாவா, குற்றம் சாட்டுகிறாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பனியிடம் விளக்கம் கேட்பதாகவும் அதுவரை எங்கள் படிவத்தை அப்படியே வைத்திருப்பதாகவும் சொல்லி அனுப்பினா.

தொழில் அலுவலக விசாரணை சில மாதம் கழித்து நடந்தது. வரிப் படிவத்தின் பிரதியுடன் என்னையும் வரச் சொன்னார்கள். காணாமல் போன கம்பனியை அங்கே கண்டேன். சான்றிதழ் கேட்டுப் போன் எடுத்தால் ஒருநாளும் கிடைக்காத ஆட்கள், நட்டஈடு என்றதும் இஸ்திரி போட்ட சேட்டுடன் ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்திருந்தார்கள்.

சட்டத்தரணி கெட்டிக்காரர். ஆஸ்பத்திரியில் இருந்தது வெறும் இரண்டு மூன்று கிழமை, அதுவும் மோட்டார் சைக்கிள் விபத்து. வரிப் படிவம் என்பது இவர் தானே எழுதிய கதை. வங்கிக்குச் சம்பளம் போகவில்லை என்றால் கையில் கொடுத்திருப்பார்கள். டிசம்பர் முழுவதும் இவர் வேலை செய்ததற்குக் கம்பனியிடம் இயந்திரப் பதிவே இருக்கிறது என்று ஒரு கொப்பியைத் திறந்தார். நாள், இடம், இயந்திர இலக்கம், ஓடிய மணித்தியாலம், ஓட்டுநர் பெயர், எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது.

விசாரித்த அலுவலர் மாரிமுத்துவைப் பார்த்தார். "இதுக்கு என்ன சொல்லுறியள்?"

"மெசின் நம்பரை ஒருக்காத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கோ சேர்."

சட்டத்தரணி வாசித்தார்.

"அது நான் விழுந்த மெசின் சேர். வாய்க்காலுக்குள்ள குப்புறக் கிடந்தது. தைப்பொங்கல் கழிஞ்சுதான் கிரேன் கொண்டுவந்து தூக்கினவை. ஊர்ச் சனம் எல்லாம் அதுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்து வச்சிருக்கு."

சரோஜா கைபேசியை நீட்டினா. யாரோ பகிர்ந்த படம். தண்ணீருக்கு மேல் பெக்கோவின் கை மட்டும் தெரிந்தது. அதன் நுனியில் ஒரு கொக்கு. அந்தக் கையின் மஞ்சள் வர்ணத்தில் இலக்கம் தெளிவாக இருந்தது. படம் போட்ட திகதியும் இருந்தது.

அலுவலர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கொப்பியை இழுத்து அதே திகதியைத் தேடினார்.

"அண்டைக்குப் பத்து மணித்தியாலம் ஓடியிருக்கு" என்றார் சட்டத்தரணியிடம். "அதில நாலு ஓவர்டைம். கொக்குக்கும் சம்பளம் போட்டனீங்களோ?"

சட்டத்தரணி கொப்பியை மூடினார்.

நட்டஈடு கிடைத்தது. கேட்டதைவிடக் குறைவு, ஆனால் கிடைத்தது. வரி அலுவலகமும் எங்கள் படிவத்தை ஏற்றுக்கொண்டு கடிதம் அனுப்பியது. மாரிமுத்து இப்போது பெரிய இயந்திரம் ஓட்டுவதில்லை, கால் விடாது. சின்ன உழவு இயந்திரம் ஒன்றை வாடகைக்கு விடுகிறார். பைப் கடை இரண்டு மாடியாகிவிட்டது. இதற்குமேல் நீதி வேண்டும் என்றால் நீங்கள் வேறு தொழிலுக்குப் போகவேண்டும்.

சம்பளக் கடதாசி இல்லாமல் உங்களிடம் ஒருவர் வருவார். நாளைக்கே வருவார். காணாமல் போன தாளைத் தேடிக் கொடுக்கிறேன் என்று பஸ் ஏற முன், போன வருடம் உங்களுக்கு என்ன நடந்தது என்று அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைத்திருங்கள்.